ஹெரன் தீவில் ஒரு நாள்: முதல் தடவை போகிறவர்களுக்கு

ஹெரன் தீவுக்குப் போகிறோம் என்று யாராவது சொன்னால் நான் கேட்பது இரண்டே கேள்விகள். எந்த மாதம்? அன்றைக்குக் கடல் எத்தனை மணிக்கு வற்றுகிறது? முதல் கேள்விக்கு எல்லோரிடமும் பதில் இருக்கும். இரண்டாவதைக் கேட்டதும் விழிப்பார்கள். ஆனால் அந்தத் தீவில் எந்த உயிரை எங்கே, எப்போது பார்க்கலாம் என்பது அந்த இரண்டாவது பதிலில்தான் இருக்கிறது. ரிசார்ட்டின் நிகழ்ச்சி நிரலைவிட, கடல் ஏறி வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணைதான் அங்கே முக்கியம்.

தீவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கடற்கரையில் கிளாட்ஸ்டன் என்ற துறைமுக ஊர் இருக்கிறது. அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர் கடலுக்குள், கிரேட் பேரியர் ரீஃப் என்ற பவளப்பாறைத் தொடரின் தென்பகுதியில், மகர ரேகையை ஒட்டி இருப்பது ஹெரன். நீளம் ஏறக்குறைய 800 மீட்டர், அகலம் 300 மீட்டர். பவளமும் சிப்பியும் நொறுங்கிக் குவிந்த மணல் திட்டு, அவ்வளவுதான். மற்ற ஊர்களில் ரீஃப் பார்க்க வேண்டுமென்றால் படகில் ஒன்றிரண்டு மணி நேரம் போக வேண்டும். இங்கே அறைக்கதவைத் திறந்து மணலைத் தாண்டினால் கால் நனைவதே ரீஃபில்தான். நீச்சலே தெரியாதவர்களுக்குக்கூட இந்தத் தீவைச் சொல்வது அதனால்தான்.

1920களில் இங்கே ஆமை சூப்பை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலை ஓடியது. 1930களில் அந்த இடம் விடுதியானது. 1943-ல் தீவு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இப்போது ஒரு ரிசார்ட், குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம், மீதி காடு.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியாது. ஆமை முட்டையிடுவதைப் பார்க்க வேண்டுமா, நவம்பரிலிருந்து மார்ச் வரை. குஞ்சுகள் வெளியே வருவது ஜனவரியிலிருந்து ஏப்ரல், மே வரை. கூடு கட்டும் பறவைகளும் அதே கோடைக்காலத்தில்தான் நிறைந்திருக்கும். திமிங்கிலம் வேண்டுமென்றால் ஜூனிலிருந்து அக்டோபர் வரை. கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் அண்டார்க்டிக் கடலிலிருந்து குட்டி போட வடக்கே வரும் காலம். குளிர்காலத்தில் தண்ணீர் தெளிவாக இருக்கும், ஆனால் குளிரும். பறவைகள் பாதி காலியாகியிருக்கும்.

என்னைக் கேட்டால் முதல் தடவைக்கு ஜனவரிதான். ஆமை முட்டையிடுவதும் சீக்கிரம் இடப்பட்ட முட்டைகளிலிருந்து குஞ்சு வருவதும் ஒரே வாரத்தில் நடக்கும் மாதம் அது. வெயில் கொளுத்தும், புயல் மழைக்கும் வாய்ப்புண்டு. அதைத் தெரிந்துகொண்டே போகலாம். இந்தக் கட்டுரையில் சொல்லும் நாளும் ஜனவரி நாள்தான்.

போய்ச் சேர்வது

பிரிஸ்பேனிலிருந்து கிளாட்ஸ்டனுக்கு விமானம் உண்டு. காரில் போனால் ஐநூறு கிலோமீட்டருக்கு மேல். சிட்னி, மெல்பர்ன்காரர்கள் கவனிக்க: குயின்ஸ்லாந்தில் கோடைக்காலக் கடிகார மாற்றம் கிடையாது. ஜனவரியில் உங்கள் ஊரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும்.

கிளாட்ஸ்டன் படகுத்துறையிலிருந்து தீவுக்கு இரண்டு மணி நேரப் படகு. நிலக்கரிக் கப்பல்கள், அலுமினா ஆலை, எரிவாயு முனையம் எல்லாவற்றையும் தாண்டித்தான் திறந்த கடலுக்குப் போவீர்கள். பிறகு குலுக்கல் ஆரம்பிக்கும். வயிறு புரட்டும் ஆட்கள் மாத்திரையைப் படகு கிளம்புவதற்கு அரை மணி, முக்கால் மணி முன்பே போட்டுவிட வேண்டும். புரட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. இஞ்சி மரப்பா வாயில் இருக்கட்டும். பின்பக்கமாக, கீழ்த்தளத்தில் உட்காருங்கள், அடிவானத்தைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள்.

காலையில் போய் மாலையில் திரும்பும் திட்டம் இங்கே சரிப்படாது. குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். அப்போதுதான் நடுவில் ஒரு முழு நாள் கிடைக்கும். ஒரே நாளில் போய்வந்தாக வேண்டும் என்பவர்களுக்கு, இன்னும் தெற்கே லேடி எலியட் தீவு இருக்கிறது. பண்டபெர்க், ஹெர்வி பே போன்ற ஊர்களிலிருந்து சின்ன விமானத்தில் போய் அன்றைக்கே திரும்பலாம். அதுவும் நல்ல தீவுதான், ஆமை முட்டையிடும் இரவு மட்டும் கிடைக்காது.

பையில் இருக்க வேண்டியவை: அகல விளிம்புத் தொப்பி (வெயிலுக்கு மட்டுமல்ல, காரணம் பின்னால் வரும்), முழுக்கை நீச்சல் சட்டை, கால்வரை மூடும் லெகிங்ஸ், தண்ணீர் பாட்டில், காதில் வைத்துக்கொள்ள அடைப்பான், கறுப்பு அல்லது அடர்நிறத்தில் ஒரு மாற்றுடை. உடலை முழுக்க மூடும் நீச்சலுடை போட்டால் விசித்திரமாகப் பார்ப்பார்களோ என்று நம் பெண்கள் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே வெயிலுக்குப் பயந்து ஆண்களே அப்படித்தான் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

கிளம்புமுன் செருப்பு, ஷூ அடியைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பார்க்கச் சின்ன விஷயம்தான். ஆனால் பக்கத்திலுள்ள ட்ரையன் தீவில் செதில் பூச்சி பெருகி, பைசோனியா என்ற மரத்தின் காடே அழிந்துபோனது. மண்ணோடும் விதையோடும் எறும்போடும் தீவுக்குள் எதையும் கொண்டுபோகக் கூடாது.

ஓத அட்டவணையை வைத்து நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

ரிசார்ட் வரவேற்பறையிலேயே அன்றைய அட்டவணை கிடைக்கும். அதில் பார்க்க வேண்டியது நான்கு நேரங்கள்: இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. நாளுக்கு நாள் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும்.

உதாரணத்துக்கு ஒரு நாள்: காலை எட்டேகால் மணிக்கு ஏற்றம், மதியம் இரண்டரைக்கு வற்றம், இரவு எட்டேமுக்காலுக்கு மறுபடி ஏற்றம். நீங்கள் இருக்கும் நாள் இப்படி அமைந்தால் அதிர்ஷ்டம்தான். காலையில் ஸ்நோர்கெல் (முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி மிதந்தபடி பார்ப்பது), மதியம் வற்றிய ரீஃபில் நடை, இரவில் சாப்பிட்ட கையோடு ஆமை. ஆமைகள் ஏன் ஏற்றத்தை ஒட்டி வருகின்றன என்றால், வற்றிய நேரத்தில் கரைக்கு வர அவை ரீஃபின் மேடு பள்ளத்தில் நூற்றுக்கணக்கான மீட்டர் உடம்பை இழுத்துக்கொண்டு வர வேண்டும். தண்ணீர் ஏறியிருந்தால் நீந்தியே மணலுக்கு வந்துவிடலாம்.

இரவு ஏற்றம் இரண்டு, மூன்று மணிக்கு விழுகிற நாளாக இருந்தால் சங்கடம்தான். அன்றைக்குச் சீக்கிரம் படுத்து, அலாரம் வைத்து எழுந்திருங்கள்.

விடியலில்

ஜனவரியில் ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். அதற்கு முன்பே கடற்கரைக்குப் போய்விடுங்கள். காப்பிக்குக் காத்திருக்காதீர்கள்.

முதலில் கண்ணில் படுவது தடங்கள். கடலிலிருந்து மேலே ஒரு தடம், மேலேயிருந்து கடலுக்கு ஒரு தடம், டிராக்டர் ஓடினதுபோல் மணலில் பதிந்திருக்கும். இரண்டு பக்கத் துடுப்புக் குறிகளும் ஜோடியாக, நேரெதிராக இருந்தால் அது பேராமை. ஒன்று மாற்றி ஒன்றாக இருந்தால் பெருந்தலையாமை. இங்கே பெரும்பாலும் பேராமைதான். மேலே போன தடத்தின் முடிவில் பெரிய பள்ளம் இருக்கும். பள்ளத்துக்குள் இறங்காதீர்கள். தாமதமாக வந்த ஆமை ஏதாவது கடலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தால், அதற்கும் கடலுக்கும் நடுவில் போகாமல் பின்னால் நின்று பாருங்கள். நாலு எட்டு இழுக்கும், நிற்கும், பெருமூச்சு விடும், மறுபடி இழுக்கும். கண்ணோரம் வழிவதைப் பார்த்து அழுகிறது என்பார்கள். உடம்பிலுள்ள மிகை உப்பை வெளியேற்றும் சுரப்பியின் வேலை அது.

இதே நேரத்தில் காட்டுக்குள்ளிருந்து ஷியர்வாட்டர் பறவைகள் கடலுக்குக் கிளம்பும். இவற்றுக்கு நீளமான இறக்கை. நின்ற இடத்திலிருந்து எழும்ப முடியாது. அதனால் விமானம்போல ஓடுபாதை வேண்டும். மரங்களுக்கு நடுவே உள்ள பாதையில், மனிதர்கள் நடக்கும் அதே பாதையில், தத்தித் தத்தி ஓடி வரும். ஒதுங்கி வழிவிடுங்கள். உங்கள் காலில் மோதினால் தவறு உங்களுடையதுதான்.

ஏற்றத்தில்: ஸ்நோர்கெல்

காலை உணவை முடித்து ஏழு, ஏழரைக்குள் தண்ணீரில் இறங்கலாம். உணவகத்தில் தட்டை மேசையில் வைத்துவிட்டு ஜூஸ் எடுக்கப் போகாதீர்கள். ரெயில் என்ற பறவை, நம்மூர்க் கானாங்கோழிக்கு உறவு, மேசைக்கடியில் காத்துக்கொண்டே இருக்கும். பாவம் என்று ஒரு துண்டு ரொட்டிகூடப் போடக் கூடாது.

புதியவர்களுக்கு ஸ்நோர்கெலில் பாதிப் பிரச்சினை முகமூடியில்தான். வாங்கும்போது பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் அளவு சரி. தலைமுடி ஓரத்தில் சிக்கக் கூடாது. மீசைக்காரர்களுக்கு மூக்கடியில் தண்ணீர் கசியும். மீசையில் கொஞ்சம் வாசலைன் தடவினால் அடங்கும், மழிக்க வேண்டியதில்லை. கண்ணாடி போடுகிறவர்கள் பவர் உள்ள முகமூடி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். மங்கலான நீலத்தைப் பார்த்துவிட்டு வருவதற்கு இவ்வளவு செலவு வேண்டாம். கண்ணாடியின் உள்பக்கம் எச்சில் தடவிக் கழுவினால் பனி படியாது. அருவருப்பாக இருந்தாலும் வேலை செய்வது அதுதான்.

நீச்சல் தெரியாதவர்கள் மிதவைச் சட்டை போட்டு, இடுப்பளவு ஆழத்தில், கரைக்கு இணையாகப் போங்கள். தனியாக யாரும் போகக் கூடாது. அன்றைக்குக் காற்றும் இழுப்பும் எப்படி என்று கடல் பிரிவு ஊழியரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். தண்ணீர் வடியத் தொடங்கினால் துறைமுக வாய்க்கால் பக்கம் இழுப்பு பலமாகும். ஏற்றம் முடிவதற்குள் அந்தப் பக்கத்து வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

துறைமுக வாயில் துருப்பிடித்த கப்பல் ஒன்று கிடக்கும். புரொடெக்டர் என்பது பெயர். 1884-ல் தெற்கு ஆஸ்திரேலியாவுக்காகக் கட்டிய போர்க்கப்பல். சீனாவில் பாக்ஸர் கலகத்தின்போது அங்கே போய்வந்தது. 1940களில் அலைத்தடுப்பாக இங்கே கொண்டுவந்து அமர்த்திவிட்டார்கள். அதன் நிழலில் மீன் கூட்டம் எப்போதும் இருக்கும். படகுத்துறைப் பாலத்தின் மேலிருந்தே எட்டிப் பாருங்கள். திருக்கைகளும் கருநுனிச் சுறாக்களும் கீழே போவது தெரியும். தண்ணீரில் இறங்க மனமில்லாத தாத்தா பாட்டிகளை இந்தப் பாலத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடலாம், அவர்களுக்குப் பொழுது போய்விடும்.

தண்ணீருக்குள் முகத்தை வைத்ததும் முதலில் கேட்பது கறக், கறக் என்ற சத்தம். கிளிமீன்கள் பவளத்தைக் கடித்துக்கொண்டிருக்கின்றன. அலகுபோன்ற பல்லால் பாறையைச் சுரண்டி, அதிலுள்ள பாசியைத் தின்றுவிட்டு, மீதியை மாவாக அரைத்து வெளியே விட்டுவிடும். ஒன்றின் பின்னால் கொஞ்ச நேரம் மிதந்து பாருங்கள், திடீரென்று வெள்ளைப் புகைபோல வால் பக்கம் கொட்டும். நீங்கள் படுத்துக் கிடக்கிற மணலில் கணிசமான பங்கு இப்படி வந்ததுதான்.

இங்கே புதியவர்களுக்கு நான் சொல்லும் முக்கியமான யோசனை: சுற்றாதீர்கள். ஒரு பெரிய பவளக் குன்றைத் தேர்ந்தெடுத்து, தொடாத தூரத்தில், பத்து நிமிடம் அசையாமல் மிதந்து கிடங்கள். முதல் இரண்டு நிமிடம் எல்லாம் ஒளிந்துகொள்ளும். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வரும். விரல் நீளத்தில் நீலக்கோடு போட்ட குட்டி மீன் ஒன்று அங்கே கடை விரித்திருக்கலாம். அதுதான் துப்புரவு மீன். தன்னைவிடப் பத்து மடங்கு பெரிய மீன்கள் வரிசையில் வந்து, வாயைப் பிளந்து, செவுளை விரித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். இது உள்ளே புகுந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். வாடிக்கையாளர் உடம்பை ஒரு நடுக்கு நடுக்கினால் 'போதும்' என்று அர்த்தம்.

கருநுனிச் சுறா வந்தால் பயப்பட வேண்டாம். அது உங்களைவிடக் கூச்சப்படும் பிராணி. ஆமை வந்தால் துரத்தாதீர்கள். அது மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். நீங்கள் மேலே மறித்துக்கொண்டு நின்றால் அதற்குத் திணறல். பக்கவாட்டில் ஒதுங்கிப் படுத்தால் பல ஆமைகள் கண்டுகொள்ளாமல் தம் வேலையைப் பார்க்கும். நீளக் குச்சியில் கேமராவை மாட்டி ஆமை முகத்துக்கு நேரே நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், அவ்வளவுதான் சொல்வேன்.

பவளம் சில இடங்களில் வெளிறியோ, செத்துப் பாசி படிந்தோ இருக்கலாம். 2024 தொடக்கத்தில் கடல் சூடேறியபோது ரீஃபின் இந்தத் தென்பகுதியும் கடுமையாக வெளிறியது. ஹெரனும் தப்பவில்லை. விளம்பரப் படங்களிலுள்ள நிறம் எல்லா இடத்திலும் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வெயில் நேரத்தில் காட்டுக்குள்

பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை வெயிலில் நிற்காமல் காட்டுப் பாதைக்குள் போய்விடுங்கள். தொப்பி கட்டாயம். தலைக்கு மேலே மரங்களில் கறுப்பு நாடி (noddy) என்ற கடற்பறவைகள் பல பத்தாயிரக் கணக்கில் கூடு கட்டியிருக்கும். இலைகளை எச்சத்தால் ஒட்டித்தான் கூடே கட்டுகின்றன. உங்கள் மேல் விழாமல் திரும்பி வந்தால் ஆச்சரியம். மேலே பார்க்கும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள்.

அந்த மரம்தான் பைசோனியா கிராண்டிஸ். உற்றுப் பார்த்தால் பழகிய முகமாகத் தெரியும். நம் கொல்லையில் இளம் பச்சை இலையோடு வளரும் லச்சகொட்டைக் கீரை, யாழ்ப்பாணத்தில் வறை செய்கிற சண்டி, இதே இனம்தான். இங்கே பெருமரமாகித் தீவையே மூடியிருக்கிறது. பறித்துப் பார்க்கலாமே என்று கை நீளும். தேசியப் பூங்கா, ஓர் இலையும் எடுக்கக் கூடாது.

இந்த மரத்துக்குக் கொடூரமான பக்கம் ஒன்று உண்டு. விதைகள் பசைபோல ஒட்டும். பறவை இறக்கையில் ஒட்டி வேறு தீவுகளுக்குப் போவதுதான் மரத்தின் உத்தி. ஆனால் அளவுக்கு மீறி ஒட்டினால் பறவை பறக்க முடியாமல் கீழே விழுந்து செத்துப்போகும். அப்படி ஒன்றைத் தரையில் பார்த்தால் நீங்களே பிய்த்து எடுக்க முயலாதீர்கள், இறகும் சேர்ந்து வந்துவிடும். ஊழியரிடம் சொல்லுங்கள்.

பாதையை விட்டு ஓரடிகூட விலக வேண்டாம். தரைக்கடியில் முழுக்க ஷியர்வாட்டர் வளைகள். ஒரு மிதியில் கூரை இடிந்து, ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும் அந்தப் பறவையின் குஞ்சு உள்ளே புதைந்துவிடும்.

வற்றிய கடலில் நடை

ஒரே ஒரு காரியத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்கி, தண்ணீர் திரும்ப ஏறத் தொடங்கியதும் கரைக்கு வந்துவிட வேண்டும். முதல் நாள் வழிகாட்டியோடு போவது நல்லது. எங்கே கால் வைப்பது என்பதைக் கண் பழகுவதற்கு அது உதவும்.

தடித்த அடியுள்ள ரீஃப் ஷூவும் கைத்தடியும் ரிசார்ட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தடி ஊன்றுவதற்கு மட்டும், எதையும் குத்திப் பார்ப்பதற்கல்ல. மணல் வழிகளில் மட்டும் கால் வையுங்கள். பவளத்தில் வைத்தால் அதுவும் உடையும், உங்கள் கணுக்காலும் கிழியும். பவளக் காயம் லேசில் ஆறாது. முட்டியளவு தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். மணலுக்குள் புதைந்திருக்கும் திருக்கை அதிர்வு தெரிந்து விலகிப் போய்விடும்.

முதலில் தெரிவது கடல் அட்டை. ராமநாதபுரம் பக்கத்துக் கடத்தல் செய்திகளில் மட்டுமே அதைப் பார்த்தவர்களுக்கு, இங்கே காலடிக்குக் காலடி கறுப்பு அட்டைகள் கிடப்பது வேடிக்கையாக இருக்கும். உடம்பு முழுக்க மணலைப் பூசிக்கொண்டு, முதுகில் மட்டும் வரிசையாகக் கறுப்பு வட்டங்கள் விட்டிருக்கும். ஒரு முனையில் மணலை விழுங்கி, அதிலுள்ள சத்தை எடுத்துக்கொண்டு, மறுமுனையில் சுத்தமான மணலை விடுகிறது. எடுத்துப் பிசைந்து பார்க்காதீர்கள்; சில வகைகள் மிரண்டால் பசை நூல்களைக் கக்கும், கையிலிருந்து போகாது.

அப்புறம் ராட்சதச் சிப்பி. பவளத்துக்குள் புதைந்து, நீலமும் ஊதாவும் பச்சையுமாக அலை அலையான உதடு மட்டும் வெளியே தெரியும். உங்கள் நிழல் அதன் மேல் விழும்படி மெல்ல நகருங்கள். சட்டென்று மூடிக்கொள்ளும். நிழலை எடுத்துவிட்டுப் பொறுமையாக நின்றால் ஒரு விரற்கடை திறக்கும், அப்புறம் இன்னொரு விரற்கடை. இரண்டு தடவைக்கு மேல் அதைச் சிரமப்படுத்த வேண்டாம். அதன் திசுவில் குடியிருக்கும் பாசிக்கு வெயில் வேண்டும். அதற்காகத்தான் திறந்தே இருக்கிறது.

எல்லோரும் தேட வேண்டியது எபோலெட் சுறா. ஒரு மீட்டருக்கும் குறைவான நீளம், மெலிந்த உடம்பு, பழுப்புப் புள்ளிகள், செவுளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் வெள்ளை வளையமிட்ட பெரிய கறுப்புப் பொட்டு. பவள விளிம்புகளின் அடியில், நிழலில் பாருங்கள். இது நீந்துவதைவிட நடப்பதுதான் அதிகம். நான்கு துடுப்புகளையும் கால்போல ஊன்றி, பல்லி மாதிரி உடம்பை வளைத்து, ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்கு மேட்டைத் தாண்டிப் போகும். இரவில் கடல் வற்றும்போது குட்டைகளில் அடைபட்ட உயிர்களெல்லாம் மூச்சு விட்டே ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். மற்ற மீன்கள் திணறும் அந்த நேரத்தில் இந்தச் சுறா மூளையின் வேலையைக் குறைத்துக்கொண்டு, ஆக்சிஜன் அறவே இல்லாமல்கூட ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். இதைப் பற்றிய ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்தத் தீவின் சுறாக்களை வைத்தே நடந்தது.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கச் சொல்வேன், குழந்தைகளுக்கு மட்டுமல்ல. அழகான கோலம் போட்ட கூம்புச் சங்கு மணலில் கிடக்கும். உள்ளே உயிர் இருந்தால் விஷ ஊசி போடும், ஆளையே கொல்லக்கூடிய வகை உண்டு. கல்மீன் கல்லாகவே தெரியும். நீல வளைய ஆக்டோபஸ் உள்ளங்கைக்குள் அடங்கும், அதன் கடிக்கு மாற்று மருந்து கிடையாது. இவை எதுவும் தேடி வந்து தாக்காது. நாம் தொட்டால்தான், மிதித்தால்தான் வம்பு. காலிச் சங்கையும் எடுக்காதீர்கள், அது நாளைக்கு ஒரு துறவி நண்டின் வீடு.

மாலை

நான்கரைக்கு மேல் தீவின் கிழக்கு முனைக்கு நடந்து போங்கள். ஷார்க் பே என்று பெயர். தண்ணீர் மெல்ல ஏறும்போது திருக்கைகளும், மண்வெட்டி மூக்குத் திருக்கைகளும், சில நாள் எலுமிச்சைச் சுறாவும் முழங்கால் ஆழத்துக்கே வந்துவிடும். கரையில் நின்றே பார்க்கலாம். வெயில் சாய்ந்திருப்பதால் தண்ணீர் கண்ணைக் கூசும். போலராய்டு கண்ணாடி இருந்தால் உதவும். வழியில் கரைக்கொக்குகளைக் கவனியுங்கள், வெள்ளையில் ஒன்றும் சாம்பல் நிறத்தில் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இரண்டும் ஒரே இனம்தான். 1843-ல் வந்த ஆங்கிலேயர்கள் இதைப் பார்த்துத்தான் தீவுக்குப் பெயர் வைத்தார்கள்; ஹெரன் என்றால் ஆங்கிலத்தில் கொக்கு வகை.

இருட்டத் தொடங்கியதும் ஷியர்வாட்டர்கள் கடலிலிருந்து திரும்பும். இறங்குவதில் கெட்டிக்காரப் பறவை அல்ல, கிளையில் மோதித் தொப்பென்று விழும். பிறகு வளை வாசலில் ஜோடியாக உட்கார்ந்து ஓலமிடத் தொடங்கும். பச்சைக்குழந்தை வீறிட்டு அழுவதுபோல, சில நேரம் பேய் முனகுவதுபோல, விடியவிடிய. குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். காது அடைப்பான் எடுத்துவரச் சொன்னது இதற்குத்தான்.

இரவு: ஆமைக்குக் காத்திருப்பது

சாப்பாட்டை ஏழுக்கு முடித்துவிடுங்கள். அடர்நிற உடை, டார்ச் வேண்டாம், போன் பைக்குள். இருட்டில் கண் பழகப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். நடுவில் ஒரு தடவை போன் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. வழிகாட்டி நடத்தும் நடை இருந்தால் அதில் சேர்ந்துகொள்ளுங்கள். இல்லையென்றாலும் வரிசை இதுதான்:

1. தண்ணீர் ஓரமாக, ஈர மணலில் நடங்கள். முன்னால் கறுப்பாகப் பாறைபோல ஏதாவது அசைந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். ஏறி வரும் நேரத்தில்தான் ஆமை மிகவும் மிரளும். சின்ன வெளிச்சம், அசைவு போதும், திரும்பிப் போய்விடும்.

2. மேலே போனதும் முன்துடுப்பால் மணலை வாரி இறைத்து உடம்பு அளவுக்குப் பள்ளம் தோண்டும். மணல் உங்கள் முகத்தில் வந்து விழுந்தால் நீங்கள் அதிக நெருக்கத்தில் இருக்கிறீர்கள்.

3. இறைப்பது நின்று, பின்துடுப்புகள் மட்டும் வேலை செய்யத் தொடங்கும். ஒரு துடுப்பு குழிக்குள் போய், கரண்டிபோல் மடங்கி, ஒரு பிடி மணலை மேலே கொண்டுவந்து ஓரமாக வைக்கும். அடுத்த துடுப்பு முன்னால் கிடக்கும் மணலைத் தட்டிவிட்டு உள்ளே போகும். கண்ணால் பார்க்காமலே குடுவைபோல ஒரு குழியை இப்படி முடிக்கும். வேர் தடுத்தாலோ மணல் காய்ந்து சரிந்தாலோ அப்படியே விட்டுவிட்டு வேறு இடம் தேடும், அல்லது அன்றைக்கு இடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். அப்படி ஆனால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

4. முட்டை விழத் தொடங்கிய பிறகுதான் பின்பக்கமாக, குனிந்து, நெருங்கலாம். ஒரு தடவைக்கு நூறு, நூற்றிருபது முட்டை. இந்த நேரத்தில் அது எளிதில் மிரளாது. ஆனாலும் தலைப்பக்கம் போகாதீர்கள், தொடாதீர்கள், ஃப்ளாஷ் கூடாது.

5. மூடத் தொடங்கியதும் பின்வாங்குங்கள். மூடி, மணலை இறைத்து இடத்தை மறைத்துவிட்டுத் திரும்பும்போது வழியை விடுங்கள்.

முழுக்கப் பார்க்க ஒன்றரை, இரண்டு மணி நேரம்கூட ஆகும். குழந்தைகள் நெளிவார்கள், ஒருவர் அறைக்கு அழைத்துப் போக ஏற்பாடு இருக்கட்டும். அதே ஆமை சுமார் இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்து இடும். ஒரு பருவத்தில் பல தடவை. அந்தப் பருவம் முடிந்தால் சில ஆண்டுகளுக்கு வராது. மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது, சூடு ஏறினால் பெண்கள் அதிகம்.

குஞ்சுகளைப் பார்க்க நேர்ந்தால் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, உண்மையிலேயே ஒன்றுமில்லை. பொரிந்த குஞ்சுகள் பெரும்பாலும் அந்தி சாய்ந்ததும் கும்பலாகக் கிளம்பும். பகலில் தப்பித்தவறி வந்தால் கடற்காகங்கள் பாய்ந்து தூக்கும். பார்க்கப் பதறும். கையில் எடுத்துத் தண்ணீரில் விடலாமே என்று தோன்றும். எடுக்காதீர்கள், விரட்டவும் வேண்டாம். நீங்கள் முன்னதாகச் செய்யக்கூடிய உதவி இரண்டு உண்டு: பிள்ளைகள் மணலில் தோண்டிய குழிகளை மாலைக்குள் மூடிவிடுவது, கடலைப் பார்த்த அறையில் திரையை இழுத்து விளக்கை அணைப்பது. குஞ்சு வெளிச்சத்தைத் தேடித்தான் போகும்; கடலின் வெளிறிய அடிவானமா, உங்கள் குளியலறை விளக்கா என்று அதற்குத் தெரியாது.

மறுநாள் படகு ஏறும் முன் பிள்ளைகளின் பைகளையும் கால்சட்டைப் பாக்கெட்டையும் ஒரு தடவை தடவிப் பாருங்கள். சங்கு, பவளத்துண்டு ஏதாவது நிச்சயம் இருக்கும். கரையிலேயே போட்டுவிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு படகுத்துறைக்கு வாருங்கள்.